ஆட்டக்காரன் யாருக்குச் சொந்தம்?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "ஊருக்கு இடம் ரிசர்வ் செய்தாயிற்றா?" என்பதுதான். நாம் குடியேறி வாழும் நகரம் எதுவாயினும், ரயிலில் நமக்கென்று இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வரும்வரை வீட்டாருக்கு நிம்மதி இல்லை. அதனால் ரிசர்வ் என்ற சொல் நம் செவிக்கு இனிய சொல்லாகிவிட்டது. இருக்கையை ரிசர்வ் செய்வதுண்டு. விடுதியில் அறையை ரிசர்வ் செய்வதுண்டு. மனிதனையே ரிசர்வ் செய்துவைத்த கதை ஒன்றும் உலகில் உண்டு.

அது நடந்த நாடு அமெரிக்கா. தொடங்கிய ஆண்டு 1879. ரிசர்வ் செய்யப்பட்டவர்கள் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட இளைஞர்கள். அவர்கள் ஆடுகளத்தில் பெற்ற வெற்றி தோல்விகளைக் காட்டிலும், தங்கள் உரிமைக்காக நடத்திய ஒரு போராட்டத்தின் வெற்றி தோல்வியையே இம்மாதம் இப்பகுதியில் எண்ணிப் பார்க்க விழைகிறேன். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நமக்கு அதில் கற்க வேண்டியது ஒன்று உண்டு.

பேஸ்பால் நம்மவருக்கு அதிகம் பழகாத ஆட்டம். ஆயினும் கிரிக்கெட் அறிந்தோர்க்கு அதை விளக்குதல் அரிதன்று. பந்தை எறிபவர் ஒருவர். உருண்டு நீண்ட தடியால் அதை அடிப்பவர் ஒருவர். எறிபவருடன் சேர்ந்து பந்தைத் தடுத்துப் பிடிப்போர் எண்மர். அடித்தவர் சதுரமாக அமைந்த நான்கு நிலைகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். சுற்றி முடித்தால் ஓர் ஓட்டம். கிரிக்கெட்டுக்கும் இதற்கும் உறவு இல்லாமலும் இல்லை. ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து அமைக்கப்பட்ட முதல் அணி, 1869-ஆம் ஆண்டின் சின்சினாட்டி நகர 'ரெட் ஸ்டாக்கிங்ஸ்' அணியாகும். அதை உருவாக்கிய ஹாரி ரைட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் கிரிக்கெட்டையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரின் மைந்தர். தாமும் கிரிக்கெட் ஆடியவர். அவருடைய தம்பி ஜார்ஜ் ரைட்டுக்கு அவ்வாண்டு 1,400 டாலர் சம்பளம். அந்த அணி அவ்வாண்டு முழுவதும் ஒரு பந்தயத்திலும் தோற்கவில்லை. பந்தாட்டமும் ஒரு தொழிலாகலாம் என்பதை நாடு கண்டுகொண்டது.

அந்நாளில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பெருஞ் சுதந்திரம் இருந்தது. ஒப்பந்தம் ஓராண்டுக்கே. ஆண்டு முடிந்தால் எந்த அணி நல்ல சம்பளம் தருகிறதோ அந்த அணிக்குப் போகலாம். சிலர் இச்சுதந்திரத்தைத் தவறாகவும் பயன்படுத்தினர். ஒப்பந்த காலம் முடியுமுன்பே அணி மாறினர். சூதாட்டக்காரரின் கையும் ஆட்டத்தில் புகுந்தது. இந்தச் சீர்கேட்டை நீக்குவோம் என்று சொல்லிக்கொண்டு 1876 பிப்ரவரியில் நியூயார்க்கில் முதலாளிமார் சிலர் கூடி நேஷனல் லீக்கை நிறுவினர். அதற்கு மூலகாரணராக விளங்கியவர் சிகாகோ நகரத்து வில்லியம் ஹல்பர்ட். அடுத்த ஆண்டிலேயே லூயிவில் அணியைச் சேர்ந்த நால்வர் ஆயுள் முழுவதும் ஆடக் கூடாதென்று விலக்கப்பட்டனர். பணம் பெற்றுக்கொண்டு தோற்றார்கள் என்பது அவர்களுள் மூவர்மீது எழுந்த குற்றம். ஆட்டத்தின் மானம் காக்கப்பட்டது என்று மக்கள் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சி நியாயமானதே.

ஆனால் கட்டுப்பாட்டின் சுவையை அறிந்துகொண்ட முதலாளிமார் அத்துடன் நின்றாரில்லை. 1879 செப்டம்பர் இறுதியில் பஃபலோ நகரில் கூடி, தமக்குள் இரகசியமாக ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரருள் ஐவரை 'ரிசர்வ்' என்று குறித்துக்கொள்ளலாம். குறிக்கப்பட்டவரை வேறெந்த அணியும் அழைக்கக் கூடாது என்பதே அது. ஒப்பந்தம் முடிந்தாலும் அவர் அந்த அணிக்கே உரியவர். சம்பளம் போதவில்லையென்றால் ஆடாமல் வீட்டில் இருக்கலாம். வேறோர் அணியில் ஆட இயலாது.

முதலாளிமார் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இவ்விதி இல்லையேல் பணம் மிகுந்த அணி ஒன்றே சிறந்த ஆட்டக்காரர் அனைவரையும் வாங்கிவிடும். சிறிய நகரத்து அணிகள் அழியும். ஒருதலையான பந்தயத்தைக் காண யார் வருவர் என்று அவர்கள் கேட்டனர். அதில் உண்மை ஒரு பங்கு இருந்தது. தொடக்கத்தில் ஆட்டக்காரர்களுங்கூட இதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. "என்னை ரிசர்வ் செய்திருக்கிறார்கள்" என்பது ஒரு பெருமையாகவே இருந்தது. அடுத்த ஆண்டும் வேலை உறுதி என்பதன்றோ அதற்குப் பொருள்? விலங்கு முதலில் காப்பாகத்தான் கையில் ஏறியது. ஐவர் 1883-இல் பதினொருவர் ஆயினர். 1887-இல் பதினால்வர் ஆயினர். ஓர் அணியில் இருந்தவர்களே ஏறக்குறைய அவ்வளவு பேர்தாம். அதன்பின் விதிக்கு வெளியே நின்றவர் என்று எவருமே இல்லை.

இதன் முழுப்பொருளை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். ஜான் மான்ட்கோமரி வார்டு என்பது அவர் பெயர். 1860-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். பதினான்கு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். பந்தெறிவதில் வல்லவராகிப் பிராவிடன்ஸ் அணியில் சேர்ந்தார். 1880 ஜூன் 17-ஆம் நாள், எதிரணியைச் சேர்ந்த ஒருவரையும் முதல் நிலையைக்கூட எட்டவிடாமல் ஆட்டம் முழுவதையும் எறிந்து முடித்தார். பெரிய லீக்குகளின் வரலாற்றில் இத்தகைய அருஞ்செயல் அதற்கு முன் ஒரே முறைதான், அதுவும் ஐந்து நாள் முன்னர்தான், நிகழ்ந்திருந்தது. அப்போது வார்டுக்கு வயது இருபது. பின்னர்த் தோள் வலுவிழந்தபோது அவர் சோர்ந்துவிடவில்லை; பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறி அங்கும் முதல்வரிசையில் நின்றார். நியூயார்க் அணிக்கு ஆடிக்கொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1885-இல் பட்டமும் பெற்றார். சட்டம் கற்ற கண்ணால் தம் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தவர்க்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அதே ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், நியூயார்க் அணியினர் ஒன்பதின்மர் கூடி ஆட்டக்காரர் சகோதர சங்கத்தைத் தொடங்கினர். வார்டு அதன் தலைவரானார்.

1887 பிப்ரவரியில் நாடே வியந்த செய்தி ஒன்று வந்தது. 'கிங்' என்று மக்கள் கொண்டாடிய மைக் கெல்லியைச் சிகாகோ அணி பாஸ்டன் அணிக்கு 10,000 டாலருக்கு விற்றுவிட்டது. அந்நாளில் ஆலைத் தொழிலாளி ஒருவன் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் சில நூறு டாலரே ஈட்டுவான். விற்ற பணத்தில் கெல்லிக்குப் பங்கு ஏதும் இல்லை. சம்பளத்துக்கு 2,000 டாலர் என்று முதலாளிமாரே ஓர் உச்சவரம்பு வைத்திருந்தனர். அதை மீறாதது போல் காட்டுவதற்காகக் கெல்லியின் படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கு என்று 3,000 டாலர் தனியே கொடுத்தனர். வரம்பு விதித்தவர்களே வரம்பைத் தாண்டப் பின்வாசல் வைத்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

அவ்வாண்டு ஆகஸ்டில் வார்டு ஒரு திங்களிதழில் கட்டுரை ஒன்று எழுதினார். பேஸ்பால் ஆட்டக்காரன் ஓர் உடைமைப் பொருளா என்பதே அவர் கேட்ட கேள்வி. தப்பியோடிய அடிமையைப் பிடித்து உடையவனிடம் ஒப்படைக்கச் செய்த பழைய சட்டத்துடன் ரிசர்வ் விதியை அவர் ஒப்பிட்டார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயிரக்கணக்கில் சம்பளம் வாங்குபவன் தன்னை அடிமையோடு ஒப்பிடலாமா என்று பலர் நகைத்தனர். ஆனால் வார்டின் வாதம் சம்பளத்தின் அளவைப் பற்றியதன்று. எவ்வளவு கொடுத்தாலும், "எனக்கு இங்கே இருக்க விருப்பமில்லை, போகிறேன்" என்று சொல்லும் உரிமை இல்லாதவன் தன் உழைப்புக்குத் தான் உரியவனாகான் என்பதே அவர் கருத்து.

1888 அக்டோபரில் ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்பவர் இரண்டு அணிகளைத் திரட்டிக்கொண்டு உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். இவர் சிகாகோ அணியின் தலைவர். விளையாட்டுக் கருவிகள் விற்கும் பெரிய வணிகர். ஒருகாலத்தில் பேர்பெற்ற பந்தெறிவாளர். 1875-இல் பாஸ்டன் அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதே மறு ஆண்டுக்குச் சிகாகோவில் சேர இரகசியமாகக் கையொப்பமிட்டு, உடன் மூவரையும் அழைத்துச் சென்றவர் இவரே. தாம் ஏறிவந்த படியைப் பிறர் ஏறாதபடி காப்பதில் பின்னாளில் முன்னின்றவரும் இவரே. பயணம் சென்ற இரண்டு அணிகளுள் ஒன்றுக்கு வார்டு தலைமை தாங்கினார்.

ஹவாய், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று சென்ற அக்கப்பல் 1889 ஜனவரியில் கொழும்புத் துறையில் நின்றது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் கரையிறங்கி அங்கும் ஒரு பந்தயம் ஆடிக் காட்டினர். பின்னர் எகிப்துக்குச் சென்று பிரமிடுகளின் அருகேயும் ஆடினர். கொழும்பில் அவர்கள் கழித்தது சிறு பொழுதே. அந்தத் தீவின் உள்நாட்டு மலைகளில், கண்டிச் சீமை என்று நம் முன்னோர் அழைத்த தோட்டங்களில், அதே நாளில் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்துக்கொண்டிருந்தனர். அவர்களிடையே 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. கங்காணியும் அவன் கூட்டத்தாரும் ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய துரை எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு வேண்டும். அவர்கள் பட்ட கடன் அச்சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்த்துவிட்டுத்தான் புதிய துரை அவர்களை ஏற்க இயலும். துண்டு இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் இடம் இல்லை. 1921-இல்தான் இம்முறையைச் சட்டம் ஒழித்தது.

பேஸ்பால் ஆட்டக்காரனையும் தோட்டத் தொழிலாளியையும் சரியாசனத்தில் வைப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஒருவன் பட்டாடை உடுத்தவன். மற்றவன் கம்பளி போர்த்தவன். ஆட்டக்காரன் வேறு தொழில் தேடிக்கொள்ளலாம். கடன்பட்ட கூலிக்கு அவ்வழியும் இல்லை. ஆயினும் இருவரையும் கட்டிய கயிறு ஒரே முறுக்கில் திரிக்கப்பட்டது. உழைப்பவன் சம்மதமின்றி முதலாளிகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடே அக்கயிறு.

அவர்கள் கடலில் இருந்த காலத்தில் தாய்நாட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டது. இண்டியனாபொலிஸ் அணியின் அதிபர் ஜான் பிரஷ் என்பவர் வகுத்த திட்டம் ஒன்றை 1888 நவம்பரில் லீக் ஏற்றுக்கொண்டது. ஆட்டக்காரர் அனைவரும் ஐந்து வகுப்பாகப் பிரிக்கப்படுவர்; முதல் வகுப்புக்கு 2,500 டாலர், கடை வகுப்புக்கு 1,500 டாலர்; அதற்குமேல் ஒரு காசு இல்லை. ஆட்டத் திறமை மட்டுமன்றி ஆடுகளத்துக்கு வெளியே உள்ள நடத்தையும் வகுப்பை முடிவு செய்யும். யார் எவ்வகுப்பு என்று முடிவு செய்வோர் லீக்கின் பொறுப்பாளர்களே. சங்கத் தலைவர் உலகின் மறுபுறத்தில் இருக்க, சங்கத்தை ஒரு சொல் கேளாமலே இது முடிந்துவிட்டது. வார்டு பயணத்தை இடையில் முடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு முன்பே நாடு திரும்பினார்.

பேசித் தீர்க்கலாம் என்று சங்கம் கேட்டது. ஆட்ட காலம் முடியட்டும் என்று லீக் தள்ளிப்போட்டது. ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்காவின் சுதந்திரத் திருநாளில், வேலைநிறுத்தம் செய்வோம் என்று சிலர் துடித்தனர். வார்டு அவர்களைத் தடுத்தார். ஒப்பந்தம் உள்ளவரை அதை மதித்து ஆடுவோம். முடிந்த பின் நமக்கென ஒரு லீக் அமைப்போம் என்றார். அவ்வண்ணமே 1889 நவம்பரில் சங்கம் தன் அறிக்கையை வெளியிட்டு நேஷனல் லீக்கிலிருந்து விலகியது.

புதிய ஆட்டக்காரர் லீக்கின் அமைப்பு அக்காலத்துக்குப் புதுமையானது. கிளீவ்லாந்தில் டிராம் வண்டிக் கம்பெனி நடத்திய ஆல்பர்ட் ஜான்சன் முதலிய செல்வர் சிலர் முதல் போட்டனர். ஆட்டக்காரர் பலரும் தம் சேமிப்பைக் கொண்டு பங்கு வாங்கினர். எட்டு அணிகள். நிர்வாகக் குழுவுக்குப் பதினாறு பேர்; ஒவ்வோர் அணியிலிருந்தும் ஆட்டக்காரர் சார்பில் ஒருவர், முதல் போட்டவர் சார்பில் ஒருவர். இலாபத்தில் ஆட்டக்காரருக்குப் பங்கு உண்டு. ரிசர்வ் விதி இல்லை. வகுப்புப் பிரிவினை இல்லை. பேர்பெற்ற ஆட்டக்காரருள் பெரும்பாலோர் இங்கே வந்து சேர்ந்தனர்.

லீக் நீதிமன்றத்தை நாடியது. வார்டு தங்களுக்கே உரியவர் என்று நியூயார்க் அணி வழக்குத் தொடுத்தது. 1890 ஜனவரியில் நீதிபதி மார்கன் ஓபிரையன் அணி கேட்ட தடையாணையைத் தர மறுத்தார். பத்து நாள் அறிவிப்பில் ஆட்டக்காரனை நீக்கிவிட அணிக்கு உரிமை உண்டு. அவனோ ஆண்டாண்டுக்கும் கட்டுண்டு கிடக்க வேண்டும். இருபுறமும் சமமாகக் கட்டாத இந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் எவ்வாறு வலியுறுத்தும் என்பது தீர்ப்பின் சாரம். வீட்டுச் சண்டையில்கூட நாம் நினைவிற் கொள்ளத்தக்க நியாயம் இது.

சட்டம் கைகொடாதபோது பணம் தன் வலிமையைக் காட்டியது. ஸ்பால்டிங் 1911-இல் தாம் வெளியிட்ட நூலில் தாமே சொல்லியிருக்கும் நிகழ்ச்சி இது. அவர் கெல்லியைத் தனியே அழைத்து 10,000 டாலருக்கான காசோலையை முன்னே வைத்தார். மூன்றாண்டு ஒப்பந்தத்தையும் நீட்டி, சம்பளத் தொகையை நீயே எழுதிக்கொள் என்றார். கெல்லி செலவாளி, குடிப்பழக்கமும் உடையவர், எந்நேரமும் பணமுடை. சற்றே உலாவி வருகிறேன் என்று வெளியே போனவர், ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பிவந்து, தோழர்களைக் கைவிட இயலாது என்று மறுத்துவிட்டார். பிறகு ஸ்பால்டிங்கிடமே 500 டாலர் கடன் கேட்டார். ஸ்பால்டிங் மனமுவந்து கொடுத்தார். ஒழுக்கத்துக்குப் பேர்பெற்றவர் அல்லர் கெல்லி. ஆயினும் நம்பினோரை விற்காத ஒன்று அவரிடம் இருந்தது. தம்மைப் பிறர் விற்ற நாளை அவர் மறக்கவில்லை போலும்.

1890-ஆம் ஆண்டின் ஆட்ட காலம் ஒரு போர்க்காலம் போலவே கழிந்தது. ஆட்டக்காரர் லீக்கின் எட்டு நகரங்களுள் ஏழு நேஷனல் லீக்கின் நகரங்களும் ஆகும். ஒரே ஊரில் ஒரே பொழுதில் இருவேறு இடங்களில் பந்தயம். மக்களோ சலித்துப்போயினர். சிறந்த ஆட்டக்காரரை இழந்த நேஷனல் லீக்கின் பிட்ஸ்பர்க் அணி 23 பந்தயங்களில் வென்று 113-இல் தோற்றது. நியூயார்க் அணியின் அதிபர் கடனில் மூழ்க, மற்ற அதிபர்கள் பணம் திரட்டி அவரைக் கரையேற்றினர். ஆட்டக்காரர் லீக்குக்கே அதிகம் பேர் வந்தனர் என்பது அவ்வாண்டில் வெளியான கணக்கு. ஆனால் இரு தரப்பும் கணக்கை மிகைப்படுத்தின. கெல்லி தலைமை தாங்கிய பாஸ்டன் அணி வாகை சூடியது. வார்டின் புரூக்ளின் அணி இரண்டாம் இடம் பெற்றது. ஆட்டத்தில் குறையில்லை. இலாபம்தான் ஒருவருக்கும் இல்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது. நட்டத்தைப் பொறுக்க ஆட்டக்காரர் ஆயத்தமாக இருந்தனர். முதல் போட்டவர்கள் ஆயத்தமாக இல்லை. இலையுதிர் காலத்தில் அவர்கள் ஸ்பால்டிங் தரப்பாருடன் பேசப் புகுந்தனர். நேஷனல் லீக்கும் சாகும் நிலையில்தான் இருந்தது. ஆயினும் ஸ்பால்டிங் அதை முகத்திற் காட்டாமல், நிபந்தனையற்ற சரணாகதி வேண்டும் என்று கேட்டார். கேட்டது கிடைத்தபோது அவரே வியந்தாராம். எங்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வார்டும் தோழர்களும் சென்றபோது, இது முதல் போட்டவர்கள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. எந்த லீக்கை ஆட்டக்காரரின் பெயரால் அமைத்தார்களோ, அந்த லீக்கை விற்கும் அறையில் ஆட்டக்காரனுக்கு நாற்காலி இல்லை! நியூயார்க்கிலும் புரூக்ளினிலும் இருதரப்பு அணிகளும் ஒன்றாயின; சிகாகோ அணியை ஸ்பால்டிங் தரப்பார் வாங்கிக்கொண்டனர். 1891 ஜனவரியில் ஆட்டக்காரர் லீக் மறைந்தது. ஆட்டக்காரர் பழைய அணிகளுக்குத் திரும்பினர். ரிசர்வ் விதியும் திரும்பியது.

போட்டி ஒழிந்தபின் நேர்ந்ததைச் சுருங்கச் சொல்லலாம். மற்றொரு போட்டி லீக்கும் 1891-உடன் முடிய, அதன் நான்கு அணிகளைச் சேர்த்துக்கொண்டு நேஷனல் லீக் பன்னிரண்டு அணிகளின் தனி ஆட்சியாயிற்று. சம்பளங்கள் குறைந்தன. 1896-இல் ஏமஸ் ரூசி என்னும் சிறந்த பந்தெறிவாளர், 200 டாலர் அபராதத்தை ஏற்க மறுத்து ஆண்டு முழுவதும் ஆடாமலே இருந்தார். அவருக்காக வழக்காட வந்தவர், ஆட்டத்தை விட்டு வழக்கறிஞராகிவிட்ட வார்டு. விஷயம் நீதிமன்றத்தில் முற்றினால் ரிசர்வ் விதிக்கே ஆபத்து என்றஞ்சிய மற்ற அதிபர்கள் தம் பையிலிருந்து பணம் போட்டு ரூசியைச் சமாதானப்படுத்தினர். போட்டியில்லாத ஆட்சி ஆட்டத்துக்கும் நன்மை செய்யவில்லை. கிளீவ்லாந்து அணியின் உடைமையாளர்கள் செயிண்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, நல்ல ஆட்டக்காரரை அங்கே மாற்றிவிட்டனர். எஞ்சிய கிளீவ்லாந்து அணி 1899-இல் 20 பந்தயங்களில் வென்று 134-இல் தோற்றது. சிறிய அணிகளைக் காப்பதற்கென்று சொல்லி வந்த விதி, அந்த அணியைக் காக்கவில்லை.

இவ்வளவும் சொன்னபின் ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. 1884-இல் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பின ஆட்டக்காரர் டொலீடோ அணியில் பெரிய லீக்கில் ஆடினார். 1887 ஜூலையில் சிகாகோ அணியின் தலைவர் ஆன்சன், கறுப்பினத்தவர் இருந்தால் ஆடமாட்டோம் என்று முரண்டு பிடித்தார். அதே நாளில் இன்டர்நேஷனல் லீக், இனிக் கறுப்பின ஆட்டக்காரருடன் புதிய ஒப்பந்தம் இல்லை என்று முடிவு செய்தது. வார்டு அடிமை முறையைச் சுட்டிக் கட்டுரை எழுதியது அதற்கு அடுத்த மாதம். அடிமைகளாயிருந்தோரின் மக்களுக்கோ அவர்களது ஆட்டக்காரர் லீக்கில்கூட இடம் இல்லை. ஜாக்கி ராபின்சன் 1947-இல் வரும்வரை அக்கதவு அடைத்தே கிடந்தது. தம் கையிலிருந்த விலங்கைக் கண்டவர்கள் அடுத்தவன் கழுத்திலிருந்ததைக் காணவில்லை.

ரிசர்வ் விதி நெடுங்காலம் வாழ்ந்தது. 1969-இல் தம்மை வேறு நகரத்து அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார் கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரர். வாங்கவும் விற்கவும் நான் பண்டம் அல்லேன் என்பதே அவர் வழக்கு. 1972-இல் உச்சநீதிமன்றத்தில் 5-க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். இறுதியில் 1975 டிசம்பர் 23-ஆம் நாள், பீட்டர் சைட்ஸ் என்னும் நடுவர் இரண்டு ஆட்டக்காரரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவன் தன் விருப்பம்போல் போகலாம் என்று தீர்ப்பளித்தார். பஃபலோ நகரத்து இரகசியக் கூட்டத்திலிருந்து அந்நாள் வரை தொண்ணூற்றாறு ஆண்டுகள். வார்டு 1925-இலேயே மறைந்துவிட்டார். ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் ஸ்பால்டிங்குக்கு 1939-இலும், வார்டுக்கு 1964-இலும் இடம் கிடைத்தது.

அதே 1975-இல்தான் நம் நாட்டிலும் கொத்தடிமை முறை அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டு அது நிலையான சட்டமாயிற்று. சட்டம் வந்துவிட்டது, மனம் முழுவதும் மாறிவிட்டதா என்பதே கேள்வி. நாம் ஊரை விட்டு வந்தோம். ஒரு வேலை பிடிக்கவில்லையெனில் வேறு வேலை தேடினோம். ஒரு நகரம் கைவிட்டால் வேறு நகரம் சென்றோம். நம் குடும்பங்கள் நிமிர்ந்ததற்கு அந்தப் 'போகும் உரிமை' பெரியதொரு காரணம். ஆனால் நம் வீட்டு வேலைக்கென்று ஊரிலிருந்து முன்பணம் கொடுத்து அழைத்துவந்த பெண்ணுக்கும், நம் கடையில் நிற்கும் பையனுக்கும் அவ்வுரிமையை நாம் தந்திருக்கிறோமா? "இவ்வளவு செய்திருக்கிறோம், நன்றியில்லாமல் போகிறேன் என்கிறாளே" என்று நாம் மனம் கசந்து பேசும்போது, நம் வாயிலிருந்து வருவது பஃபலோவில் கூடிய முதலாளிமாரின் பேச்சே அன்றோ? பக்கத்து வீட்டுக்காரரிடம் "எங்களிடம் கேளாமல் இவளை வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிவைப்பதும் ஒரு சிறு ரிசர்வ் விதியே.

ரயிலில் ரிசர்வ் செய்த இடத்தை வேண்டாமென்று விட்டுவிடும் உரிமை பயணிக்கு உண்டு. அவன் விட்டால் இன்னொருவர் அமர்வார். வேலையிலும் அப்படியே இருக்கட்டும். போக நினைப்பவளைக் கணக்குத் தீர்த்துக் கையில் வழிச்செலவும் கொடுத்து அனுப்புவோம். இருக்க நினைப்பவள் தன் விருப்பத்தால் இருக்கட்டும்.